கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து யூசிக்கு பயோகெமிஸ்ட்ரி: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி க்ளாஸ் கேன்சல் ஆனப்போ நான் பண்ணது

கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு 60 செமஸ்டர் யூனிட்டோட (க்ரெடிட்) யூசில, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியால, மூணாவது வருஷம் சேரலாம், ஆனா பயோகெமிஸ்ட்ரிக்கு யூனிட் மட்டும் பத்தாது, ஜெனரல் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பயாலஜி, பல கேம்பஸ்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் முன்னாடியே கேப்பாங்க. நவம்பர்ல அப்ளிகேஷன் போட்டாச்சு, ஜனவரில பாத்தா ஆள் பத்தலன்னு எங்க காலேஜ்ல ஆர்கானிக் ரெண்டாவது பார்ட்டையே கேன்சல் பண்ணிட்டாங்க. ரொம்பக் கோவம் வந்துச்சு, லேப் கோட் வரைக்கும் வாங்கி வச்சிருந்தேன்.

உடனே, எந்தக் காலேஜ் க்ளாஸ் யூசில எதுக்குச் சமம்னு காட்டற அசிஸ்ட் சைட்ல பக்கத்து காலேஜுங்க ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். இங்கதான் கவனம் வேணும்: சில இடத்துல முதல் பார்ட், ரெண்டாவது பார்ட் ரெண்டையும் சேத்து ஒரே சீரிஸாதான் ஏத்துக்குவாங்க, அதோட செமஸ்டர் காலேஜ்ல பாதி படிச்சுட்டு, வருஷத்தை இன்னும் சின்ன டெர்மா பிரிக்கிற குவார்ட்டர் காலேஜுக்குப் போனா பாடம் நடுவுல விட்டுப்போகும். அதனால செமஸ்டர் காலேஜாவே புடிச்சு, ரெண்டு சிலபஸையும் லேப் நேரத்தோட யூசி டிபார்ட்மென்ட் அட்வைசருக்கு மெயில்ல அனுப்பி சரியான்னு கேட்டேன். ஃபோன்ல கேக்காதீங்க, எழுத்துல பதில் இருந்தாதான் பின்னாடி காட்ட முடியும்.

ஓகேன்னு பதில் வந்ததும் ஜனவரி முடியறதுக்குள்ள யூசிக்கு நம்ம க்ளாஸ், மார்க் விவரத்தைப் புதுப்பிச்சுக் குடுக்கற ட்ரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட் ஃபார்ம்ல பழைய க்ளாஸை எடுத்துட்டு புதுசைப் போட்டேன், இதை மட்டும் விட்டுடாதீங்க. சீட் கிடைச்சுது. ஜூலை 1க்குள்ள ரெண்டு காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்டும் தனித்தனியா போய்ச் சேரணும், நான் மார்க் வந்த அன்னிக்கே அனுப்பச் சொல்லிட்டேன்.