டயர் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்த தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த கம்பெனி டயர் போடலாம்?" என்பதுதான். "எந்த மண்ணுல ஓட்டப்போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கம்பெனி அப்புறம். கடைக்காரர் தூக்கிக் காட்டும் டயரில் பட்டன், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டை, முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காகவே பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். வீட்டைவிட்டு இறங்கினால் கரிசல், தென்கிழக்கே போனால் திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி, மேற்கே மலை. இந்த மூன்றும் டயரிடம் கேட்பது வேறு வேறு.

கரிசல் காய்ந்து கிடக்கும்போது சாதாரண ரோட்டு டயரே போதும். ஒரு மழை விழுந்துவிட்டால் கதை வேறு. நாலு சுற்று உருள்வதற்குள் பட்டன் இடுக்கில் மண் அப்பிவிடும், அதன்மேல் இன்னொரு படை ஏறும். இறங்கிக் குனிந்து பார்த்தால் பட்டனே தெரியாது. புது டயர் மொட்டை டயராக நிற்கும். விரலால் நோண்டினால் வராது, குச்சி வேண்டும். இங்கே பட்டனின் உயரத்தைவிட பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே உள்ள வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். வாய் அகலமாக இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் மண்ணை உதறித் தள்ளும். மட் டெரெய்ன், அதாவது எம்.டி. டயர் இதற்கென்றே செய்தது. ஆல் டெரெய்ன், ஏ.டி. டயர் ஓரளவு சமாளிக்கும். ஈரக் கரிசலில் நீண்ட தூரம் போகவேண்டும் என்றால் திணறும்.

தேரியில் நிலைமை தலைகீழ். அந்தச் சிவப்பு மணலில் முரட்டுப் பட்டன் பிடிமானம் தருவதைவிடப் பள்ளம் பறிப்பதுதான் அதிகம். அங்கே உங்களைக் காப்பாற்றுவது காற்றுதான். 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயரின் தடம் நீளமாகி, வண்டி மணலின் மேலாகவே மிதந்து போகும். 15-க்குக் கீழே இறக்கினால், வளைவில் திருப்பும்போது ரிம்மைவிட்டு டயர் கழன்றுகொள்ள வாய்ப்புண்டு. காப்புக்காடாக இருக்கும் தேரியில் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்காதீர்கள். பட்டா நிலமென்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் டயர் சாவது பட்டனில் அல்ல, சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புகள் ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உருண்டைக் கல் ஒன்றும் செய்யாது. பாதையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் உடைகல்லின் விளிம்புதான் சைடுவாலைக் கிழிக்கும். பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் கிட்டை வைத்து அங்கேயே அடைத்துவிடலாம். சைடுவால் கிழிந்தால் ஸ்டெப்னியை மாட்டுவதைத் தவிர வழியில்லை. அதனால் கடையில் டயரைப் படுக்கப்போட்டு சைடுவாலைப் படியுங்கள். சைடுவாலில் எத்தனை அடுக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது சுமை வண்டிக் கட்டுமானம், கல்லைத் தாங்கும். ஆனால் கனமும் கூடும், பயணம் கொஞ்சம் முரடாக இருக்கும், எரிபொருள் செலவும் ஏறும். தாருக்கு அது பொருட்டில்லை. ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அந்தப் பாரம் நன்றாகவே உறைக்கும்.

சின்ன ரிம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். தாரில் 255/65 ஆர்18, 245/75 ஆர்16 என்று இரண்டு அளவு வந்தன. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். முதலாவதில் சைடுவால் உயரம் சுமார் 166 மி.மீ., இரண்டாவதில் 184 மி.மீ. மொத்த உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 16 அங்குல ரிம்மில் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் அதிகம். காற்றை இறக்கினால் அந்த உயரம்தான் வளைந்து கொடுக்கும்.

அளவு கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஜிம்னிக்கு கம்பெனி தருவது 195/80 ஆர்15. அதற்கு 215/75 போட்டால் உயரம் ஒன்றரை சதவீதம்தான் கூடும், உரசல் வராமல் தப்பிக்கலாம். 235/75-க்குத் தாவினால் ஆறு சதவீதம் வரை கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ஐ ஒட்டி ஓடும், ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து ரொம்ப விலகினால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் தகராறும் சேர்ந்துகொள்ளும். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு இண்டெக்ஸ் எண் எந்தக் காரணத்துக்கும் பழையதைவிடக் குறையக்கூடாது.

என் வண்டியில் ஏ.டி.தான். கரிசல்காட்டுக்காரன் ஏன் எம்.டி. போடவில்லை என்று கேட்பார்கள். காட்டுக்குப் போகவும் தார் ரோட்டைத் தாண்டித்தானே போகவேண்டும்? மழையில் நனைந்த தார் ரோட்டில் எம்.டி.யின் பிரேக் பிடிப்பு எனக்கு நம்பிக்கை தரவில்லை. பட்டன்கள் பெரிது, அவற்றில் நுண்கீறல்கள் குறைவு, ரோட்டைத் தொடும் ரப்பரும் குறைவு. நான்குவழிச் சாலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 90-ல் போகிறவன் இதை யோசித்தே ஆகவேண்டும். ஓட்டத்தில் பாதிக்குமேல் சேறு என்றால் மட்டும் எம்.டி.க்குப் போங்கள். ஏ.டி.யில் யோகோஹாமா ஜியோலேண்டர், பிஎஃப் குட்ரிச், ஜெனரல் கிராப்பர், அப்பல்லோ ஆப்டெரா என்று தேர்வு இருக்கிறது, எம்.டி.யில் மேக்சிஸ் பிக்ஹார்ன் பேர்போனது. உங்கள் அளவில் எது கிடைக்கிறதோ அதை வைத்து முடிவெடுங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். இந்த வண்டிகளில் எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில், இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். முன்னால் ஒரு உயரம், பின்னால் ஒரு உயரம் என்றால் அந்த வித்தியாசம் முழுக்க கியரிலும் ஷாஃப்டிலும் முறுக்காக ஏறும். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் தொங்கிக்கொண்டிருந்தால், மலையில் அது தேவைப்படும் நாளில் இதே சிக்கல்தான்.

பில் போடும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நான்கு எண்கள்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஐந்திலும் பாருங்கள், சில சமயம் ஒன்று மட்டும் பழைய சரக்காக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததை நான் எடுப்பதில்லை.

டயருக்கான பணத்திலேயே ஒரு நல்ல பிரஷர் கேஜுக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸருக்கும் ஒதுக்கி வையுங்கள். கல்பாதையில் 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி மெதுவாகப் போங்கள், தார் ரோடு வந்ததும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் வேகம் எடுக்கவேண்டும். இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் சைடுவால் சூடேறி வெடிக்கும். மாட்டிய பிறகு முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றுங்கள். சட்டம் 1.6 மி.மீ. பட்டன் வரை அனுமதிக்கிறது, அது ரோட்டுக்கான கணக்கு. சேற்றுக்குப் போகும் வண்டியில் 4 மி.மீ. வந்ததுமே நான் புது டயருக்குச் சொல்லிவிடுவேன்.