தண்ணீர்ப் பையை எண்ணுங்கள், அம்பை எண்ண வேண்டாம்: ஆன்லைன் ஃபேன்டசி ஆட்டத்தில் நிஜமும் வசதியும்

பகடை உருட்டி, பேசியபடியே ஒரு கற்பனைக் கதையை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆன்லைனில் நடத்தத் தொடங்குபவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி இது: ஆட்டத்தில் எவ்வளவு நிஜம் இருக்கலாம்? பசி, தாகம், மூட்டையின் எடை, அம்புக் கணக்கு, காயம் ஆற ஆகும் நாட்கள், ஊருக்கு ஊர் உள்ள தூரம். எல்லாவற்றையும் வைத்தால் ஆட்டம் கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பேய்க்காட்டுக்குள் நுழைவதும் கடைத்தெருவுக்குப் போவதும் ஒன்றாகிவிடும்.

நான் டிஸ்கார்டில் பேச்சும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில் வரைபடமுமாக ஒரு தமிழ்க் குழுவுக்கு கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருக்கிறேன். மதுரையில் இரண்டு பேர், டொரண்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். நமக்கு சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் 11.30. அந்தத் தம்பி தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்காருகிறான். அவன் தரும் இரண்டரை மணி நேரத்தை எதில் செலவழிக்கலாம், எதில் செலவழிக்கக் கூடாது என்பதுதான் என் அளவுகோல். கீழே சொல்வதெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து. வேறு விதிநூலில் ஆடுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நிஜ விதி வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த விதியால் ஆட்டக்காரர் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டி வருமா? வரும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கூட்டல் கழித்தல்தான் என்றால் மென்பொருளிடம் தள்ளிவிடுங்கள், அல்லது தூக்கிவிடுங்கள். முடிவெடுக்கும் இடத்தில் நிஜம், கணக்கெழுதும் இடத்தில் வசதி.

அம்பை எடுத்துக்கொள்வோம். விதிநூலில் 20 அம்பு ஒரு பொற்காசு, எடை ஒரு பவுண்டு. சண்டை முடிந்ததும் ஒரு நிமிடம் தேடினால் எய்ததில் பாதி திரும்பக் கிடைக்கும். மூன்றாம் லெவல் (கேரக்டரின் வளர்ச்சிப் படி) தாண்டிய வில்லாளியிடம் காசுக்குப் பஞ்சமில்லை, அறுபது அம்பு வாங்கி முதுகில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு ஒவ்வொரு எய்தலுக்கும் ஒன்று குறைப்பதால் யாருக்கும் எந்த முடிவும் மாறப்போவதில்லை. நான் எண்ணுவதில்லை. கடையே இல்லாத சுரங்கத்துக்குள் பத்து நாள் என்றால் மட்டும் 'தி பிளாக் ஹேக்' என்ற சிறிய விதிநூலின் முறையைக் கடன் வாங்குகிறேன்: அம்புக்கட்டுக்கு ஒரு பகடை. சண்டை முடிந்ததும் எட்டுமுகப் பகடையை உருட்டு. 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த முறை ஆறுமுகம், அப்புறம் நான்குமுகம், அப்புறம் தீர்ந்தது. கணக்கு இல்லை, கவலை மட்டும் உண்டு. நமக்கு வேண்டியதும் அந்தக் கவலைதான்.

தண்ணீர் வேறு கதை. வெயில் காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு காலன் தண்ணீர் வேண்டும் என்கிறது விதி. ஒரு தோல்பையில் அரை காலன்தான் பிடிக்கும், நிறைந்த பையின் எடை 5 பவுண்டு. ஆக, மூன்று நாள் பாலைவனத்துக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பை, 60 பவுண்டு. நான்கு பேருக்கு 240. பலம் 10 உள்ள கேரக்டர், எடைக்கான விருப்ப விதிப்படி, 50 பவுண்டைத் தாண்டினாலே நடை மெதுவாகிவிடும். அதனால் என் குழு எட்டுப் பொற்காசுக்கு ஒரு கோவேறு கழுதை வாங்கியது. அது 420 பவுண்டு சுமக்கும்.

முதல் நாள் முடிவில் மணலில் பாதி புதைந்த ஒரு கோவில், உள்ளே வெண்கலச் சிலை. எடை 300 பவுண்டு என்று சொன்னேன். கழுதை மேல் மிச்சத் தண்ணீர் 160. இரண்டும் சேர்ந்தால் 460, நாற்பது அதிகம்.

"அக்கா, எட்டுப் பை தண்ணியைக் கொட்டிட்டா சிலை ஏறிடும்ல?" என்றான் சிங்கப்பூர்த் தம்பி.

"ஏறிடும். ஆனா அது உங்க நாலு பேருக்கு அரை நாள் தண்ணி" என்றேன்.

அந்த எட்டுப் பையை ஆளுக்கு இரண்டாகத் தோளில் போடலாம் என்றார் ஒருவர். கவசமும் ஆயுதமுமாக எல்லாரும் ஏற்கெனவே எல்லையில் நின்றார்கள். இன்னும் ஏற்றினால் நடை மெதுவாகி, மூன்று நாள் நான்கு நாளாகும். சிலையை விட்டுவிட்டு வர பாலடின் என்ற பக்திப் போர்வீரர் சம்மதிக்கவில்லை, அது அவருடைய கடவுள். இருபது நிமிடம் ஒரு பகடைகூட உருளவில்லை, ஆனால் நான்கு மைக்கும் அணையவே இல்லை. கடைசியில் டொரண்டோ அக்கா ஒரு வழி சொன்னார்: பகலில் நிழலில் படுத்துக்கொண்டு இரவில் நடப்போம், வெயில் இல்லையென்றால் ஒரு காலன் போதுமே. நியாயமான யோசனை, ஒப்புக்கொண்டேன். எட்டுப் பையையும் கொட்டினார்கள். இரவில் நடந்ததால் எதிரே வந்தவை இரவில் வேட்டையாடுபவை. அதனால் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முழுக்கத் தீனி கிடைத்தது.

கழுதை குடிக்கும் தண்ணீரை நான் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைச் சேர்த்தால் இன்னொரு கூட்டல் வரும், இன்னொரு முடிவு வராது. அதே குழு நகரத்துக்குள் இருக்கும்போது தண்ணீரைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

அப்புறம், மந்திரம். குட்பெர்ரி என்ற முதல் லெவல் ஸ்பெல் (மந்திரத்தின் லெவல் வேறு, கேரக்டரின் லெவல் வேறு) பத்துப் பழம் தரும், ஒவ்வொன்றும் ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாடு. இன்னொரு முதல் லெவல் ஸ்பெல் பத்து காலன் தண்ணீரை வரவழைக்கும். மூன்றாம் லெவலில் 45 பவுண்டு உணவும் 30 காலன் தண்ணீரும் ஒரே மந்திரத்தில். பல கேம் மாஸ்டர்கள் இவற்றைத் தடை செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அந்த ஸ்பெல்லை எடுத்தவர் "பசியிலிருந்து என் குழுவைக் காப்பேன்" என்று முடிவு செய்துதான் எடுத்திருக்கிறார், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுங்கள். தண்ணீருக்கு ஒரு ஸ்லாட் (ஒரு நாளில் மந்திரம் போட உள்ள வாய்ப்பு) போனால் அன்றைய சண்டையில் காயம் ஆற்ற ஒரு ஸ்லாட் குறையும், அதுவே விலை. அவருடைய கேரக்டர் ஐந்தாம் லெவலுக்கு வந்து அந்த மூன்றாம் லெவல் மந்திரம் கிடைத்ததும் உணவு, தண்ணீர்க் கணக்கை மொத்தமாக நிறுத்திவிட்டு வேறு கஷ்டத்தைத் தேடுங்கள். லெவல் ஏற ஏற நிஜம் இடம் மாற வேண்டும்: முதலில் வயிறு, பிறகு தூரம், பிறகு அரசியல்.

தூரத்துக்கு வருவோம். இதில் எனக்கு வழி காட்டியது வால்ஹைம். சுவீடனின் அயர்ன் கேட் உருவாக்கி, 2021 பிப்ரவரியில் வெளிவந்த கணினி ஆட்டம். அதில் போர்ட்டல் (மாயக் கதவு) கட்டி நொடியில் உலகத்தின் மறுகோடிக்குப் போகலாம். ஆனால் செம்பு, தகரம், இரும்புத் தாதுக்கள் சாதாரண போர்ட்டலில் போகாது. ஒரு செம்புத் தாதுவின் எடை 10, ஆள் தூக்கும் எல்லை 300. முப்பது கட்டி எடுத்தால் வேறு எதுவும் தூக்க முடியாது. அதனால் கப்பல் கட்டி, காற்றுப் பார்த்து, கடல் பாம்புக்குப் பயந்து ஊர் திரும்ப வேண்டும். சாப்பாட்டிலும் அதே புத்தி: பட்டினியால் யாரும் சாவதில்லை, சாப்பிட்டால்தான் உடம்பில் தெம்பு. சும்மா நடப்பது வசதியாக இருக்கிறது, லாபம் கொண்டுவருவது நிஜமாக இருக்கிறது. 2023-இல் தாதுவையும் போர்ட்டலில் விடும் வசதியைச் சர்வர் நடத்துபவர்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். நண்பர்களோடு ஆடும்போது நான் அதை அணைத்தே வைக்கிறேன், கப்பல் பயணங்களை இழக்க மனமில்லை.

இதையே மேசைக்குக் கொண்டுவரலாம். என் உலகத்தில் மந்திரவாதிகள் சங்கத்தின் மந்திர வட்டங்கள் ஆட்களை ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கடத்தும், அவர்கள் கையில் தூக்கியதைக் கடத்தும். வண்டியையும் சரக்கையும் கடத்தாது. பழைய ஊரில் உள்ள நண்பரைப் பார்க்க ஒரு வாக்கியம் போதும். கொள்ளையடித்த தானியத்தைப் பஞ்ச ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா, அதுவே நான்கு செஷன்.

எல்லாப் பயணத்தையும் ஒரு வாக்கியத்தில் முடித்தால் என்னாகும் என்பதற்கு எவர்குவெஸ்ட் சாட்சி. 1999-இல் வந்த அந்த ஆட்டத்தில் கப்பலுக்குத் துறையில் காத்துக் கிடக்க வேண்டும். செத்தால் பொருளெல்லாம் பிணத்தோடு கிடக்கும், வெறுங்கையோடு ஓடி எடுக்க வேண்டும். 2002-இல் ஓர் எக்ஸ்பான்ஷன் (கூடுதல் தொகுப்பு) கிட்டத்தட்ட எல்லா ஊருக்கும் ஒரே மையத்திலிருந்து கதவு திறந்துவிட்டது. நேரம் மிச்சமானது, ஆனால் வழியில் ஒருவரையொருவர் சந்திக்கும் காரணமும் போனது. நீங்கள் ஒரு வசதியைக் கொடுக்கும் முன் அது எந்தச் சந்திப்பை அழிக்கிறது என்று பாருங்கள்.

இருபது நாள் பயணத்தை எப்படி நடத்துவது? விதிப்படி சாதாரண நடைக்கு ஒரு நாளில் 24 மைல். தூரத்தை வகுத்து நாளைச் சொல்லிவிடுங்கள். பிறகு மூன்றே மூன்று கொடுங்கள்: வழியில் ஒரு தேர்வு (மலைப்பாதையா, ஆற்றுப்பாதையா), ஒரு சம்பவம், கேரக்டர்கள் தீமூட்டி உட்கார்ந்து பேச ஓர் இரவு. தினமும் பகடை உருட்டாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. பந்தம் ஒரு மணி நேரம் எரியும். குழுவில் பாதிப் பேருக்கு இருட்டில் பார்க்கும் கண் இருக்கும்போது பந்தத்தை எண்ணுவது வீண். அதைவிட அந்தக் கண்ணின் குறையை நினைவில் வையுங்கள்: முழு இருட்டு அவர்களுக்கு மங்கல் வெளிச்சம்தான், பார்த்துக் கண்டுபிடிக்கும் உருட்டல்கள் எல்லாம் பாதகத்தோடு (இரு முறை உருட்டி, குறைந்ததே கணக்கு). இதைச் சொல்லிவிட்டால் பந்தம் ஏற்றலாமா வேண்டாமா என்பது தானாக விவாதமாகும்.

தண்டனையைச் சலுகையாக மாற்றிச் சொல்லப் பழகுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வெளிவருவதற்கு முன், சோதனைக் கட்டத்தில், நெடுநேரம் ஆடுபவரின் கேரக்டர் களைத்து அனுபவப் புள்ளி பாதியாகும்படி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். எண்களை இரட்டிப்பாக்கி, ஓய்வெடுத்தவருக்கு 200 சதவீதம், மற்ற நேரத்தில் 100 என்று மாற்றினார்கள். விகிதம் அதேதான், கோபம் போய்விட்டது. என் மேசையில் "சாப்பிடாவிட்டால் மைனஸ்" கிடையாது. சூடாகச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினால் மறுநாள் ஒரு உருட்டலைத் திரும்ப உருட்டலாம். சமையல் கருவி வாங்க யாரையும் நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

காயமும் சாவும்தான் மனம் நோகும் இடம். விதிநூலில் 'கடும் நிஜம்' என்று ஒரு விருப்பத் தேர்வு உண்டு: காயம் ஆற எடுக்கும் ஓய்வில் குறு ஓய்வு எட்டு மணி நேரம், நீள் ஓய்வு ஏழு நாள். நகர அரசியல், நீண்ட பயணம் என்றால் அருமை. தொடர்ந்து சண்டை வரும் சுரங்கத்தில் வைத்தால் ஆட்டக்காரர்கள் மூன்றாவது அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே இடத்தைப் பார்த்து வையுங்கள், நடுவில் மாற்றுவதாக இருந்தால் முந்தைய செஷனிலேயே சொல்லிவிடுங்கள்.

யாருக்கும் தெரியாத நிஜத்தில் உழைக்காதீர்கள். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஓநாய் முயலைத் தின்னும், இரை குறைந்தால் வேறு பக்கம் நகரும் என்று ஒரு முழு உயிர்ச்சங்கிலியே கட்டினார்கள். ஆட்டக்காரர்கள் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ள, அந்தச் சங்கிலி கண்ணில் படும் முன்பே அறுந்தது, கடைசியில் எடுத்துவிட்டார்கள். உங்கள் உலகத்தின் உப்பு விலை ஏன் ஏறியது என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தாலும், ஒரு சத்திரக்காரி அதைச் சொல்லிப் புலம்பாதவரை அது ஆட்டத்தில் இல்லை.

மென்பொருளில் இரண்டு வேலை மட்டும் செய்துவிடுங்கள். எடைக் கூட்டலை ஃபவுண்ட்ரியே செய்யும்படி வையுங்கள், விருப்ப எடை விதியையும் நாணய எடையையும் அமைப்புகளில் போட்டுவிடலாம். ஐம்பது நாணயம் ஒரு பவுண்டு, ஐயாயிரம் காசுப் புதையல் 100 பவுண்டு என்பது அப்போது தானாகத் தெரியும். எல்லை தாண்டும்வரை நீங்கள் எடை பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் சந்திப்பில் கேரக்டர் உருவாக்கும் முன்பே எல்லாரிடமும் கேளுங்கள்: இந்தக் கதையில் எந்தக் கஷ்டம் உங்களுக்குப் பிடிக்கும்? இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி டிஸ்கார்டில் பின் செய்துவிடுங்கள். "தண்ணீர், தூரம், காயம் நிஜம். அம்பு, சாப்பாட்டுச் செலவு, பந்தம் கணக்கில்லை." இவ்வளவு போதும். பிடிக்காததை யாராவது தனியாக எழுதிச் சொன்னால் அதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

ஒருவர் வராவிட்டாலோ நெட் போய்விட்டாலோ மட்டும் நிஜத்தைப் பார்க்காதீர்கள். அவருடைய கேரக்டர் முகாமில் காவல் இருக்கிறார், செத்துப்போக மாட்டார், அனுபவப் புள்ளி மற்றவர்களுக்குச் சமமாக வந்துவிடும். அடுத்த வாரம் அவர் வந்ததும் கதையில் எந்த விளக்கமும் இல்லாமல் சேர்ந்துகொள்வார்.