உப்பில்லாத கோழிக்கறியும் சிரிக்கக் கூடாத இடங்களும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் கோழிக்கறிக்கு வறுத்த தேங்காயை மிக்சியில் போட்ட நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வெளியே நல்ல மழை. மாமி பேசாமல் அம்மியைக் கழுவி அரைக்க உட்கார்ந்தார். கறி கொதித்து இறக்கி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, முதல் வாய் வைத்த கொழுந்தன் நிமிர்ந்து பார்த்து, "மைனி, உப்பு எங்க?" என்றான். மாமி போட்டிருப்பார் என்று நானும், நான் போட்டிருப்பேன் என்று மாமியும் இருந்துவிட்டோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டுப் பேச்சில் வரும்.

மறதியையும் தடங்கலையும் சிரித்துக் கடக்கிற வீட்டில் சாப்பாடு ருசிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பிலும் நாம் செய்யும் தவறுகள் உண்டு.

முதலில், சரிசெய்யக் கூடிய விஷயத்துக்குச் சண்டை போடுவது. உப்பு மறந்தால் தட்டில் தூவிக்கொள்ள வேண்டியதில்லை. தூவினால் குழம்பு கரிக்கும், துண்டு சப்பென்று இருக்கும். அரை டம்ளர் வெந்நீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது, குழம்பையும் சேர்த்துத்தான் குடிக்கும். தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பைக் கூட்டுவதே வழி.

அடுத்தது, எல்லாவற்றையும் "பரவாயில்லை" என்று விடுவது. நம்மூர் வறுத்தரைத்த கறியின் உயிரே தேங்காய் வறுவலில் இருக்கிறது. துருவிய தேங்காயைச் சிறு தீயில், கை எடுக்காமல் கிளற வேண்டும். கொஞ்சம் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்லமிளகு, பெருஞ்சீரகம், வத்தல் மிளகாய் கூடப் போகும். ஈரம் வற்றுகிற வரைக்கும் வெள்ளையாகவே இருக்கும். ஒன்றும் நடக்காத மாதிரி தோன்றும். அப்புறம் ஒரு மணம் கிளம்பும், நிறம் மடமடவென்று மாறும். போன் அடித்ததென்று நகர்ந்தால் தீர்ந்தது. மல்லித்தூள் சீக்கிரம் கரியும், அதனால் கடைசியில்தான் போட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியின் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். உடனே தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். கறுத்துப்போன தேங்காயின் கசப்பை எதுவும் எடுக்காது. ஒரு தேங்காய் போனால் போகட்டும், அதை அரைத்து ஊற்றிக் கோழியையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள்.

வேகாத கோழியும் சிரித்து விடுகிற விஷயம் இல்லை. உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கிருமி சாகும். பச்சைக் கோழியைத் திறந்த குழாயடியில் கழுவினால் தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலெல்லாம் படும். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாகக் கழுவுங்கள். சமைத்த கறியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள்.

எனக்கு மனசில் உறுத்துவது இன்னொரு தவறு. உப்பு மறந்த அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அடுத்த சில வாரங்களில் அந்தச் சிரிப்பு மாமி பக்கம் மட்டும் திரும்பியது. கண்ணாடியைத் தேடினால் ஒரு சிரிப்பு, சாவியைத் தேடினால் ஒரு சிரிப்பு. விருந்துக்கு வந்தவர்களிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒருநாள் மாமி கரண்டியை என் கையில் தந்து, "கறிய நீயே வச்சிரு மக்களே, நான் எதையாவது மறந்துருவேன்" என்றார். நாற்பது வருஷமாக அந்த அடுப்படியில் நின்றவர். நடந்ததைப் பார்த்துச் சிரிப்பது வேறு, ஆளைப் பார்த்துச் சிரிப்பது வேறு. மறந்தவரே முதலில் சிரித்தால் கூடச் சிரியுங்கள். அவர் முகம் சுருங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அதேபோல, எல்லா மறதியையும் "வயசானா இப்படித்தான்" என்று சிரித்து ஒதுக்கவும் கூடாது. சாவியை எங்கே வைத்தோம் என்பது யாருக்கும் மறக்கும். பழகிய வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, வருஷக்கணக்காகச் செய்த சமையலின் வரிசை பிசகுவது, இவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பி12 சத்துக் குறைவும் தைராய்டு குறைவும்கூட மறதியைத் தரும்; இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துத் தேங்காய் வறுக்க அவரே வந்து நின்றார். போன ஞாயிறு குழம்பு கொதிக்கும்போது, "உப்பு போட்டாச்சா மக்களே?" என்று கேட்டார். "நான் போடல்ல மாமி, நீங்க?" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் கரண்டிக்குக் கை நீட்டினோம். கூடத்திலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மாமி சிரித்தார்.