பழைய கிராபிக்ஸ் கார்டா, புதுசா? வீட்டிலேயே சரியாக அளந்து பார்ப்பது எப்படி

கார்டின் பெயரிலுள்ள எண்ணை வைத்து அதன் வேகத்தைக் கணிக்க முடியாது. என்விடியாவின் '60' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3,584 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்). 2023-இல் வந்த 4060-இல் 3,072 தான். மெமரி பஸ்ஸும் (கார்டின் மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. அப்படியும் பெரும்பாலான கேம்களில் 4060 தான் முந்துகிறது. பூஸ்ட் வேகம் சுமார் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு ஏறியதும், எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள வேகமான சிறு மெமரி) 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆனதும் முக்கியக் காரணங்கள். ஆகவே இரண்டு தலைமுறைக் கார்டுகளின் கோர் எண்ணிக்கையை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கணினியில் ஓட்டி அளப்பதே சரி. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி), 2023-இன் ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி) இரண்டையும் வைத்து அதை இங்கே விளக்குகிறோம்.

1. கையில் இருப்பது எந்தக் கார்டு?

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். 1060 என்ற பெயரிலேயே 3 ஜிபி கார்டும் உண்டு. அதில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு: 1,280-க்குப் பதில் 1,152. பழைய சந்தையில் வாங்கிய கார்டு என்றால் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, மலிவான கார்டை வேறு பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பல கார்டுகளை இந்த மென்பொருளே போலி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதே திரையில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டத்தையும் கவனியுங்கள். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையின் பதிப்பும், அதிலுள்ள லேன்களின் (தடங்களின்) எண்ணிக்கையும் அங்கே இருக்கும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த அங்கே 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறு சோதனையை ஓட்டினால் உண்மையான வேகம் தெரியும். 1060-க்கு 16 லேன்கள். 4060-க்கு 8 தான். பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் 4060-ஐப் பொருத்தினால், அதற்குக் கிடைக்க வேண்டிய பாதையில் பாதிதான் கிடைக்கும். கார்டின் 8 ஜிபி நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழியும் கேம்களில் திணறல் வரும்.

2. கார்டைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள்

அதே பிராசஸர், அதே ரேம், அதே மானிட்டர். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டு கார்டுகளுக்குமே எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃப்ரேம்கள், அதாவது படங்கள்) குறையும். வேகமான கார்டுக்கு அந்த அடி கூடுதலாக விழும் என்பதால் வித்தியாசம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின் தேவையில் பிரச்சினை வராது: 1060-க்கு 120 வாட், 4060-க்கு 115 வாட். ஆனால் பழைய கார்டுகள் பலவற்றில் 6 பின் இணைப்பு, புதியவற்றில் பெரும்பாலும் 8 பின். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) 8 பின் கேபிள் இல்லையென்றால், மலிவான கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

பழைய கார்டின் விசிறியில் தூசி அடைத்திருந்தாலோ தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தாலோ, சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எடுத்த அளவு பராமரிப்பின் குறையைக் காட்டுமே தவிர கார்டின் திறனைக் காட்டாது. முதலில் சுத்தம் செய்யுங்கள்.

3. டிரைவர்

இரண்டு கார்டுகளுக்கும் ஒரே டிரைவர் பதிப்பு இருப்பது நல்லது. 1060 சேர்ந்த பாஸ்கல் குடும்பத்துக்குப் புதிய கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. ஆகவே 580 வரிசை டிரைவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டுக்கும் அதையே போடுங்கள். என்விடியாவிலிருந்து என்விடியாவுக்கு மாறும்போது 'கிளீன் இன்ஸ்டால்' போதும். ஏஎம்டியிலிருந்து மாறுவதானால் இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரை முழுமையாக நீக்குங்கள். இணையம் இருந்தால் விண்டோஸ் இடையில் புகுந்து தனக்குத் தோன்றிய டிரைவரைப் போட்டுவிடும்.

கார்டை மாற்றிய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டிலேயே செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லை என்றோ கேம் ஓடவே இல்லை என்றோ தவிப்பவர்கள் ஏராளம்.

4. கேம் அமைப்புகள்

வி-சிங்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) ஃப்ரேம் வரம்பையும் அணையுங்கள். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இரண்டு கார்டுகளுமே 60 காட்டி நிற்கும். சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், இடையில் செயற்கை ஃப்ரேம்களைச் சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷன் எல்லாமே ஆஃப். டிஎல்எஸ்எஸ் 1060-இல் கிடையவே கிடையாது; ஒன்றில் போட்டு மற்றதில் போடாமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே ஆகாது. முதலில் 1080பி தெளிவுத்திறன், மீடியம் கிராபிக்ஸ் தரம் வைத்து அளந்து பாருங்கள்.

5. ஓட்டி அளத்தல்

சைபர்பங்க் 2077 போல உள்ளேயே பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் சோதனை ஓட்டம்) உள்ள கேம் வசதி. 1060 6 ஜிபி அதன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே இருப்பதால் இரண்டு கார்டுகளிலும் ஓடும். பெஞ்ச்மார்க் இல்லாத கேமில், ஒரே இடத்திலிருந்து ஒரே பாதையில் 60 விநாடி நடந்து, ஃப்ரேம் வேகத்தை அளக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் மென்பொருளில் பதிவு செய்யுங்கள். நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். முதல் ஓட்டத்தின்போதுதான் ஷேடர்கள் (படம் வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) தயாராகிக்கொண்டிருக்கும், கார்டும் சூடேறியிருக்காது.

ஓடும்போது ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் அளப்பது கார்டைத்தான். 60, 70 என்று நின்றால் பிராசஸர்தான் தடை. அந்த அளவை வைத்து "புதுக் கார்டில் ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கிராபிக்ஸை அல்ட்ராவுக்கு ஏற்றிப் பாருங்கள்: எஃப்பிஎஸ் பெரிதாகக் குறையாவிட்டால் தடை பிராசஸர் என்பது உறுதி.

6. எண்களைப் படித்தல்

சராசரியைவிட '1% லோ' எண்ணை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) மதியுங்கள். விளையாடும்போது கண்ணுக்குத் தட்டுப்படுவது அதுதான். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிவிநாடி. இடையில் ஒரே ஒரு ஃப்ரேம் 80 மில்லிவிநாடி எடுத்தாலும் படம் உதறும். சராசரியில் அது தெரியவே தெரியாது. சராசரி நன்றாக இருந்து 1% லோ மட்டும் விழுந்தால், கார்டின் மெமரி நிரம்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

பல கேம்களைச் சேர்த்துக் கணக்கிடும்போது எஃப்பிஎஸ்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு கேமில் 40 என்பது 80 ஆகிறது, இன்னொன்றில் 200 என்பது 220 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 25% முன்னேற்றம் என்று வரும். பெரிய எண்ணுள்ள கேம் மற்றதை அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை மடங்கு என்று எடுத்து (2, 1.1), பெருக்கி (2.2), இரண்டு கேம் என்பதால் வர்க்கமூலம் காணுங்கள்: 1.48. அதாவது 48% முன்னேற்றம். மூன்று கேம் என்றால் கனமூலம்.

சில கேம்களில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு வன்பொருள் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைய கார்டிலேயே உள்ள வசதி) கட்டாயம். அந்த வசதி 1060-இல் இல்லை. அத்தகைய கேம்களைச் சராசரியில் சேர்க்காமல், 'ஓடாது' என்று தனி வரியாகவே எழுதிவையுங்கள். நீங்கள் ஆட விரும்பும் கேம் அந்த வரியில் இருந்தால், மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் கார்டை மாற்றத்தான் வேண்டும்.