கரிமீன் பட்டியலில் புகுந்துவிடும் பிழைகள்

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் வலையேறும் பட்டை மீனெல்லாம் கரிமீன் ஆகிவிடாது. ஓரிடத்து மீன்களைப் பட்டியலிடும்போது, குஞ்சுப் பருவத்தில் சிலேபியைக் (திலாப்பியா) கரிமீன் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிறத்தை நம்புவதே இதற்குக் காரணம். கலங்கல் தண்ணீரில் நிறம் மாறும், செத்தபின் மங்கும், மீனைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் போட்டால் மஞ்சள் சுத்தமாகப் போய்விடும். முள்ளை எண்ணுங்கள். வயிற்றுக்குப் பின்னால், அடிப்பக்கத்துத் துடுப்பை ஊசியால் மெல்ல விரித்தால் சிலேபிக்கு 3 முள், கரிமீனுக்கு 12 அல்லது 13. முதல் முள் மிகப் பொடிசு, செதிலோடு ஒட்டிக் கிடக்கும். அது கண்ணில் படாவிட்டாலும் முடிவு மாறாது.

அடுத்தது பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல். கரிமீன், எட்ரோபிளஸ் சுராடென்சிஸ். மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும், விலாவில் கரும்புள்ளி வைத்த சின்ன மஞ்சள் மீனைப் பழைய நூல்கள் எட்ரோபிளஸ் மாகுலேடஸ் என்கின்றன. இன்று அது சூடெட்ரோபிளஸ் மாகுலேடஸ். பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்தால் இந்த மாற்றம் விட்டுப்போகும். இந்த இரண்டு பேரினங்களுக்கும் நெருங்கிய உறவு மடகாஸ்கரின் பாரெட்ரோபிளஸ். ஆப்பிரிக்கச் சிலேபி தூரத்து உறவுதான்.

அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரைச் சுற்றி வரும் அடைப்புக்குறி அலங்காரமல்ல. மீனியல் அறிஞர் பிளாக் 1790இல் கரிமீனைக் கீட்டோடான் என்ற கடல்மீன் பேரினத்தில் வைத்தார். பின்னர் பேரினம் மாறியதால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். கரிமீனின் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மீனான எட்ரோபிளஸ் கனரென்சிஸுக்கு 1877இல் டே என்ற மீனியல் அறிஞர் வைத்த பேரினமே இன்றும் இருப்பதால் அங்கே அடைப்புக்குறி போட்டால் தப்பு.

பரவலைப் பெயரிலிருந்து ஊகிப்பது இன்னொரு சறுக்கல். சுராடென்சிஸ் சூரத்துக்கு மட்டும் உரிய மீன் அல்ல, இலங்கை வரை உண்டு. கனரென்சிஸோ கர்நாடகக் கடற்கரைப் பக்கத்து ஆறுகளின் மீன். மணக்குடிக் காயலில் கலக்கும் பழையாற்றில் கோடு போட்ட கரிமீன் கிடைத்ததும் அந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள். சாதாரணக் கரிமீனுக்கும் குறுக்குக் கோடுகள் உண்டு.

குளத்துப் பதிவில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கரிமீன் உப்புக் கலந்த தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் வாழும், குளங்களில் குஞ்சு வாங்கி விடுவதும் வழக்கம். அது தானாக வந்ததா, விட்டதா என்று குத்தகைக்காரரிடம் கேட்காமல் இயற்கைப் பரவலில் சேர்க்கக் கூடாது. காயலில் பிடித்ததென்றால், அன்று பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய், திறந்திருந்ததா அடைத்திருந்ததா என்பதையும் மாதத்தையும் குறியுங்கள். பொழி திறந்தால் கடல்நீர் ஏறும், அடைத்தால் ஆற்றுநீர் தேங்கும். ஒரே இடத்தின் உப்பு அதனால் மாறிக்கொண்டே இருக்கும்.