பழைய ஆஸ்பெட்டாஸ் ஷீட்டைக் கழட்டப் போறீங்களா, படிச்சிட்டு ஏறுங்க

ஷீட் போட்ட வீட்ல குடியிருந்தா கேன்சர் வருமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஷீட் முழுசா இருக்கிற வரைக்கும் அதுல கலந்திருக்கிற ஆஸ்பெட்டாஸ் நார் சிமெண்ட்டுக்குள்ளயே இருக்கும், பெருசா வெளிய வராது. வெட்டும்போது, துளை போடும்போது, உடைக்கும்போதுதான் தூசியா பறக்குது, அதனால வீட்டுக்காரரை விட ஷீட்ல கை வைக்கிற ஆளுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. கூரை வேலைக்காரங்க, ஒயர் இழுக்க ஓட்டை போடுற எலக்ட்ரீஷியன், பழைய ஆஸ்பெட்டாஸ் சிமெண்ட் பைப்பை அறுக்குற பிளம்பர், பழைய பாய்லர் லேக்கிங்கை (சூடு வெளிய போகாம சுத்தியிருக்கிற உறை) பிரிக்கிறவங்க, குஜராத் அலங்ல கப்பல் உடைக்கிறவங்க, பிரேக் டிரம்முல ஏர் அடிச்சு தூசி ஊதுற மெக்கானிக் எல்லாரும் இதுல வருவாங்க. வெள்ளை ஆஸ்பெட்டாஸ் ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, எல்லா வகையும் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பே சொல்லியாச்சு. நம்ம நாட்டுல இதுக்கு இன்னும் முழுத் தடை கிடையாது, வெளிநாட்டுல இருந்து இறக்குமதி ஆகிட்டுதான் இருக்கு.

சரி, கழட்டுற விஷயத்துக்கு வருவோம். முதல்ல ஷீட் மேல கால் வைக்காதீங்க, பழைய ஷீட் எப்ப உடையும்னே தெரியாது, கேன்சர் வர்றதுக்கு 20, 30 வருஷம் ஆகும், கீழ விழ ஒரு நிமிஷம் போதும். கீழ இருந்து சாரம் கட்டி நின்னு வேலை பாருங்க. கீழ இருக்கிற சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு தார்ப்பாய் விரிச்சிடுங்க, குழந்தைங்க பக்கத்துலயே வேணாம். அப்புறம் வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரை நல்லா கழுவி, தண்ணில கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து ரெண்டு பக்கமும் நனைங்க, சும்மா தண்ணி மட்டும்னா மேலயே வழிஞ்சு ஓடிடும். ஷீட்டைச் சட்டத்தோட பிடிச்சிருக்கிற ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைஞ்ச போல்ட்) துரு பிடிச்சு ஸ்பேனர் சுத்தலன்னா போல்ட்டை ஆக்சா பிளேடால அறுங்க, ஷீட்டை சுத்தியலால தட்டி பிடுங்காதீங்க. கட்டிங் மெஷினை அன்னைக்கு சைட்டுக்கே கொண்டு வராதீங்க. (வேகமா முடியும்னு மேஸ்திரி சொல்வார், கேக்காதீங்க.) முழு ஷீட்டா கைமாத்தி இறக்கணும், மேல இருந்து தூக்கிப் போடக்கூடாது.

கர்சீப், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் இந்தத் தூசிக்கு ஒண்ணுமே இல்ல. பி100 ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வகை) போட்ட ரப்பர் மாஸ்க் வாங்குங்க, தாடி இருந்தா ஓரத்துல காத்து புகுந்துடும், அன்னைக்கு ஷேவ் பண்ணிக்கோங்க. முடிச்சதும் தொடப்பத்தால பெருக்காதீங்க, ஈரத் துணியால துடைச்சு அந்தத் துணியையும் ஷீட்டோட சேர்த்து கனமான பாலிதீன்ல ரெண்டு சுத்து சுத்தி டேப் ஒட்டிடுங்க. உடைஞ்ச துண்டை கோழிக்கூண்டுக்கும் பாதை மேடாக்கவும் போடுற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப, அதை விட்டுடுங்க, எங்க ஒப்படைக்கணும்னு மாநகராட்சியிலயோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலயோ கேளுங்க.

வேலை சட்டையோட வீட்டுக்குப் போகாதீங்க. வேலைக்கே போகாம, புருஷன் சட்டையை உதறித் துவைச்ச பெண்களுக்கே நுரையீரல் உறையில வர்ற மீசோதீலியோமா கேன்சர் வந்தது லண்டன்ல 1960கள்லயே பதிவாகியிருக்கு.

பீடி சிகரெட் பிடிக்கிறவங்க கவனிங்க. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களை வச்சு 1979ல வந்த ஆய்வுல, ரெண்டும் இல்லாதவங்களை விட நுரையீரல் கேன்சர்ல சாகுற வாய்ப்பு ஆஸ்பெட்டாஸ் மட்டும்னா சுமார் 5 மடங்கு, சிகரெட் மட்டும்னா சுமார் 11 மடங்கு, ரெண்டும் சேர்ந்தா 50 மடங்கைத் தாண்டிடுச்சு.

இந்த வேலை பாத்தவங்களுக்கு மூச்சு வாங்குதுன்னா டாக்டர்கிட்ட என்ன வேலை, எத்தனை வருஷம்னு நீங்களே சொல்லுங்க, பல பேர் கேக்கமாட்டாங்க, முதல்ல டிபியான்னுதான் பாப்பாங்க. ஆஸ்பெட்டாஸால வர்ற நுரையீரல் கேன்சரும் மீசோதீலியோமாவும் தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்சார் நோய் பட்டியல்ல இருக்கு. ஆஸ்பெட்டாஸ் ஃபேக்டரியில வேலை பாத்திருந்தா, உடல் பரிசோதனை ரெக்கார்டை 40 வருஷமாவது நிர்வாகம் வச்சிருக்கணும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதைக் கேட்டு எழுதிக் கொடுங்க. சம்பள சீட்டு, பிஎஃப் நம்பர், இஎஸ்ஐ கார்டு எதையும் தூக்கிப் போடாதீங்க.