முதல் 18 மீட்டர்: பெங்களூரு பெண் ரைடருக்கு டிராக் ரேஸின் முதல் சீசன்

டிராக் ரேஸ் (drag race), அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்தின் முதல் சீசனுக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லாரும் கேட்பது, "வண்டிக்கு என்ன போடலாம்?" என்றுதான். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஈசியு (இன்ஜின் கணினி) ரீமேப் என்று பட்டியல் நீளும். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் அரை நாள் சுற்றினால் ஒரு மாதச் சம்பளம் காலி. அந்தக் காசில் பாதியையாவது கிளட்ச் பிளேட்டுக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில் புதிதாக வருகிறவர் நேரத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் முதல் 60 அடியில்தான். அது 18.3 மீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 18.3 மீட்டரைச் சீராக வேகமெடுத்து 2.2 விநாடியில் கடந்தால், அந்த இடத்தில் வேகம் மணிக்குச் சுமார் 60 கி.மீ. அதையே 2.0 விநாடியில் கடந்தால் 66 கி.மீ. இந்த 6 கி.மீ. மீதி 384 மீட்டருக்கும் கூடவே வரும். அதனால்தான் முதல் 60 அடியில் மிச்சம் பிடித்த 0.1 விநாடி, முடிவுக் கோட்டில் 0.15 ஆகவும் சில வண்டிகளில் 0.2 ஆகவும் பெருகி நிற்கிறது. இதே லாபத்தை இன்ஜினில் எடுக்க என்ன செலவாகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள், சிரிப்பார்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் தொழில்முறைப் பிரிவுகளில் பெண்களுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. ஷெர்லி முல்டவ்னி டாப் ஃபியூயல் கார் பிரிவில் 1977, 1980, 1982 என மூன்று பட்டம் எடுத்ததும், ஆங்கெல் சாம்பி ப்ரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிளில் 2000 முதல் 2002 வரை வரிசையாக மூன்று எடுத்ததும் ஆண்களோடு ஒரே கோட்டில் நின்றுதான். ஆனால் பிரிட்டனி ஃபோர்ஸின் கணக்கையும் பாருங்கள். 2013-இல் டாப் ஃபியூயலில் அறிமுகம், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். முதல் போட்டி வெற்றி 2016-இல்தான், பட்டம் 2017-இல். அப்பா 16 முறை சாம்பியன், சொந்த டீம், கைக்கெட்டும் தூரத்தில் எல்லா வசதியும் இருந்தும் இத்தனை காலம் பிடித்தது. முதல் சீசனில் கோப்பையைக் குறிவைத்தால் வண்டியைத்தான் உடைப்பீர்கள்.

துணை விதிகளில் முதலில் தேட வேண்டியது

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) போட்டி லைசென்ஸ், மருத்துவச் சான்று, ரத்த வகை வேலைகளை ஒரு மாதம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதன்பின் போட்டியின் துணை விதிகளை அச்செடுத்து, ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள்: வெற்றியை முடிவு செய்வது நேரமா, நேருக்கு நேர் மோதலா?

கடிகாரம் பச்சை விளக்கில் ஓடத் தொடங்குவதில்லை. உங்கள் முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிரை (ஸ்டேஜ் கதிர்) விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. ஓட்ட நேரம் மட்டுமே கணக்கு என்றால், பச்சை விழுந்து அரை விநாடி கழித்துக் கிளம்பினாலும் நஷ்டம் இல்லை. நிதானமாகக் கிளட்சை விடலாம். நேருக்கு நேர் என்றால் கதை வேறு. 150 கி.மீ. வேகத்தில் கோட்டைத் தொடும் வண்டிக்கு 0.1 விநாடி என்பது 4.2 மீட்டர், இரண்டு பைக் நீளம். கையில் வேகமான வண்டி இருந்தும் தோற்பது இப்படித்தான். இந்த ஒரு வரியைப் படிக்காமல் போய், தேவையே இல்லாத இடத்தில் அவசரப்பட்டு, பச்சைக்கு முன்னாலேயே கிளம்பிச் சிவப்பு விளக்கு வாங்குகிறவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு.

பெங்களூரு காற்றும் இருங்காட்டுக்கோட்டைக் காற்றும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் கிட்டத்தட்டக் கடல் மட்டம். நம் ஊரில் 28 டிகிரி, அங்கே 34 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், அங்குள்ள காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி கூடியது. ஈரப்பதத்தைக் கழித்தால் 7. அதாவது இன்ஜினுக்குள் காற்று அதிகமாகப் போகும்.

கார்புரேட்டர் வண்டியில், அதுவும் யமஹா ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்கில், இது நேரடி ஆபத்து. இங்கே கச்சிதமாக ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) வைத்த வண்டி அங்கே லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடும். கார்புரேட்டர் கொஞ்சம் தானாக ஈடுகட்டினாலும் கலவையில் பெட்ரோல் ஏறக்குறைய 4 சதவீதம் குறைபடும். முழு திராட்டிலில் பத்துப் பதினைந்து விநாடி, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆக அதுவே போதும். மெயின் ஜெட்டில் இரண்டு நம்பர் கூட்டி முதல் ஓட்டத்தை எடுங்கள். கோட்டைத் தாண்டியதும் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் கூட்டுங்கள். கரிபிடித்து ஈரமாக இருந்தால் ஒரு நம்பர் இறக்குங்கள்.

கம்பெனி ஈசியுவோடு உள்ள ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் வேலை தீரவில்லை. பவர் கூடுவதால், பெங்களூரில் பழகிய அதே ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டால் அங்கே முன்சக்கரம் தூக்கும். முதல் ஓட்டத்தை 500 ஆர்பிஎம் குறைத்துத் தொடங்குங்கள்.

வண்டி

பழைய 373 சிசி டியூக் 390-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முன் ஸ்ப்ராக்கெட் 15, பின் 45, விகிதம் 3.0. முன்னால் 14 போட்டால் 3.21, அதாவது 7 சதவீதம் குட்டை கியர்; இழுவை கூடும், ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் குறையும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் 3.2 தான் வரும். எதைச் செய்வதற்கு முன்னாலும், கோட்டைக் கடக்கும்போது எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம் ஓடுகிறது என்று பாருங்கள். குட்டை கியர் போட்டதால் கடைசி 20 மீட்டரில் இன்னொரு கியர் மாற்ற வேண்டி வந்தால், முன்னால் சம்பாதித்ததை அங்கே கொட்டிவிடுவீர்கள்.

முன்சக்கரம் தூக்குவதைக் குறைக்க இரண்டு மலிவான வழி உண்டு. ஃபோர்க் குழாய்களை கிளாம்பில் 10 மி.மீ. மேலே தள்ளி முன்பக்கத்தை இறக்கலாம். செயினில் இரண்டு கண்ணி கூட்டி ஆக்சிலைப் பின்னால் தள்ளலாம். 520 செயினில் ஒரு கண்ணி 15.875 மி.மீ. இரண்டு கூட்டினால் அது மேலும் கீழும் பகிர்ந்துகொள்ளப்பட்டு, ஆக்சில் சுமார் 16 மி.மீ. பின்னால் போகும். அட்ஜஸ்டரில் அந்த அளவு இடம் மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் பிரிவு ஸ்டாக் என்றால் இதையெல்லாம் விதி அனுமதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செயினை முறுக்கிக் கட்டாதீர்கள். கிளம்பும்போது ஸ்விங்ஆர்ம் நகரும், தளர்வு இல்லாத செயின் அந்த நேரம் பார்த்து அறும்.

சாலை டயரில் பின்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ. 20-க்குக் கீழே இறக்கினால் ரிம் மேல் டயர் நழுவும். முன்னால் 34 இருக்கட்டும், உருளும் இழுவை குறையும்.

ஆயிலில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. கார் ஆயில் "நல்லா வழுக்கும்" என்று ஊற்றிவிடுகிறார்கள். பைக் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. கார் ஆயிலில் இருக்கும் உராய்வு குறைக்கும் சேர்மானம் பிளேட்டை நழுவவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (JASO MA2) என்று இருக்கிறதா பாருங்கள்.

உடம்புக்கு ஏற்ற அளவு

கடையில் கிடைக்கும் லெதர் சூட் பெரும்பாலும் ஆண் அளவு. தோளில் சரியாக இருந்தால் இடுப்பில் பிடிக்கும், இடுப்பில் சரியாக இருந்தால் தோளில் தொங்கும். நின்றுகொண்டு அளவு பார்க்காதீர்கள். வண்டியில் ஏறி, நெஞ்சை டேங்கில் வைத்துப் படுத்த நிலையில் முழங்கை, முட்டி, முதுகு காப்பு மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கிறதா பாருங்கள். ஆல்டர் செய்வதென்றால் சாதாரணப் பருத்தி நூல் வேண்டாம். விழுந்து உரசும்போது முதலில் பிரிவது தையல்தான். கெட்டியான நைலான் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள்.

கை சிறியது என்றால் கிளட்ச் லிவர் தூரமாக இருக்கும். இரண்டாவது கணுவால் லிவரைப் பிடிக்கும் அளவுக்கு அருகே கொண்டுவாருங்கள். விரல் நுனியால் பிடித்தால், கிளட்ச் பிடிக்கும் இடத்தில் வைத்துக் காத்திருக்கும்போது கை நடுங்கும். கெட்டி ஸ்ப்ரிங் போட்டே ஆக வேண்டுமென்றால், நான்கு ஸ்ப்ரிங் உள்ள கிளட்சில் எதிரெதிரே இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அநேகமாக அதுவே போதும்.

சடையைப் பின்னி சூட்டுக்குள் விடுங்கள், கம்மலைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் விஷயம்தான் முக்கியம். பிட்டில் (வண்டியைத் தயார் செய்யும் இடம்) கழிப்பறை தூரமாக, சுத்தமில்லாமல் இருக்கும் என்று பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சென்னை வெயிலில் லெதருக்குள் இரண்டு மணி நேரம் நின்றால் தலைசுற்றும், கை வேகம் குறையும். முதல் நாளே கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் எங்கே என்று அமைப்பாளரிடம் கேட்டு வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சூட்டை இடுப்புவரை இறக்கிவிட்டு, உப்பு போட்ட மோர் ஒரு டம்ளர்.

விளக்கின் கீழே

மெதுவாக உருட்டிப் போங்கள். ப்ரீ ஸ்டேஜ் விளக்கு எரியும். இன்னும் சுமார் 18 செ.மீ. நகர்ந்தால் ஸ்டேஜ் விளக்கு. அது எரிந்த கணமே நின்றுவிடுங்கள். அப்படி நின்றால் கடிகாரம் தொடங்குவதற்கு முன் வண்டி கொஞ்சம் உருள இடம் கிடைக்கும், ஓட்ட நேரம் குறையும். ஆழமாக உள்ளே போய் நின்றால் எதிர்வினை நேரம் நன்றாக வரும், ஓட்ட நேரம் கெடும். முதல் சீசனில் ஆழத்துக்குப் போகவே வேண்டாம்.

ப்ரோ ட்ரீ என்ற விளக்கு முறையில் மஞ்சள் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை. மற்ற முறையில் மஞ்சள்கள் 0.5 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும். உங்கள் போட்டியில் எது என்பதை பிரீஃபிங்கில் கேட்டுவிடுங்கள். எதுவானாலும் பச்சைக்காகக் காத்திருந்தால் தாமதம்தான். கண் பார்த்து கை நகரவே சுமார் 0.2 விநாடி ஆகிவிடும், அதன்பின் வண்டி நகர வேண்டும். கடைசி மஞ்சளைப் பார்த்ததும் கையை விடுங்கள். சிவப்பு விழுந்தால் அடுத்த முறை 300 ஆர்பிஎம் குறையுங்கள். கையைத் தாமதப்படுத்தப் பார்க்காதீர்கள், அது பழக்கத்தைக் குலைத்துவிடும்.

ஆர்பிஎம் 5,500-இல் தொடங்கி ஓட்டத்துக்கு 500 கூட்டிப் போங்கள். கிளட்ச் லிவரை முழுதாக விட்டெறியக் கூடாது. பிடிக்கும் இடம்வரை உடனே, அங்கிருந்து முழுதாக விட ஏறக்குறைய ஒரு விநாடி. நெஞ்சு டேங்கில், பார்வை ஓடுதளத்தின் கடைசியில். வண்டி தொண்டை அடைத்த மாதிரி இழுத்துத் தொங்கினால் ஆர்பிஎம் போதவில்லை. பின்டயர் கூவினால் கிளட்சை வேகமாக விட்டீர்கள். முன்சக்கரம் தூக்கினால் திராட்டிலை மூடாதீர்கள், கிளட்சை ஒரு விரல் அளவு பிடியுங்கள். திராட்டிலை மூடினால் முன்பக்கம் தடாலென்று இறங்கும், அந்த ஓட்டம் அதோடு போச்சு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது நியூட்ரலில் மாட்டினால், குற்றம் பெரும்பாலும் கெட்டியான ரேஸ் பூட்ஸின் மேல். கியர் லிவரை இரண்டு பல் மேலே ஏற்றி வையுங்கள்.

இதையெல்லாம் பழக 402 மீட்டர் தேவையில்லை. தனியார் வளாகத்தில், எழுத்தில் அனுமதி வாங்கி, மணல் இல்லாத 80 மீட்டர் கான்கிரீட் கிடைத்தால் போதும். 20 மீட்டர் கிளம்ப, மீதி நிற்க. முழு கவசத்தோடு, ஒரு நாளைக்குப் பத்துக் கிளம்பல், நடுவில் கிளட்ச் ஆற ஐந்து நிமிடம். இரவு நைஸ் ரோட்டில் பழகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். பொதுச் சாலையில் பந்தயம் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிட்டில்

ஒரு நோட்டு வையுங்கள். நேரம், வெப்பம், டயர் அழுத்தம், ஆர்பிஎம், 60 அடி நேரம், முழு நேரம், கடைசி வேகம், எதிர்வினை. ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கிளட்ச் சூடேறினால் பிடிக்கும் இடம் நகர்ந்துவிடும். மூன்றாவது ஓட்டத்தில் புதியவர்கள் தடுமாறுவதற்கு இதுதான் பெரிய காரணம். ஒவ்வொரு முறை கோட்டுக்குப் போகும் முன்னும் லிவரில் 2 முதல் 3 மி.மீ. ஃப்ரீ ப்ளே (தளர்வு) இருக்கிறதா என்று நீங்களே விரலால் பாருங்கள். ரைடர் பெண் என்றால் பலர் கேள்வியைப் பக்கத்தில் நிற்கும் ஆணிடம்தான் கேட்பார்கள். முறைத்துப் பயனில்லை, எண்ணில் பேசுங்கள். "அண்ணா, பின்னாடி 22, ப்ளே 2, போன ரன்ல 6,500" என்று சொன்னால், "சரிம்மா, 23 வைக்கவா?" என்று பதில் உங்களிடம் வரும்.

உதிரியாகக் கையில் இருக்க வேண்டியவை: கிளட்ச் பிளேட் ஒரு செட், கேபிள் இரண்டு, லிவர் இரண்டு பக்கமும், செயின் லிங்க், பிளக் இரண்டு, லாக் ஒயர். ஸ்க்ரூட்டினியில் (போட்டிக்கு முந்திய வண்டிப் பரிசோதனை) ஆயில் வடிக்கும் போல்ட்டில் லாக் ஒயர் கட்டவில்லை என்று திருப்பி அனுப்பினால், அங்கே துளை போட லேத் கிடைக்காது. பீன்யா பட்டறையிலேயே போட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் குட்டியானையில் ஏற்றும் முன், ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். எரிந்த வாசனை வந்தால் கிளட்ச் மூடியைத் திறக்க வேண்டும். இரும்பு பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். மேனுவலில் உள்ள அளவைத் தாண்டி வளைந்திருந்தால் முழு செட்டும் மாற்றம். அத்திபெலே தாண்டி வீடு வந்ததும் பின்டயரில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் கூட்டிய ஜெட்டை மறக்காமல் இறக்குங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை அல்சூர் சிக்னலில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நிற்கும்.